எல்லிஸ் தீவிலிருந்து சார்லட் வரை

செவ்வாய், எல்லிஸ் தீவு

எந்த வீட்டில் பிறந்தாலும் உழைத்தால் மேலே வந்துவிடலாம் என்று சொல்லித்தான் அமெரிக்கா தன் பிள்ளைகளை வளர்க்கிறது. அது இன்றும் உண்மையா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 'அமெரிக்கக் கனவு' என்ற சொல்லை 1931ல் பரவலாக்கியவர் ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ் என்ற வரலாற்றாசிரியர். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையும் சேமிப்பும் பறிபோய்க்கொண்டிருந்த காலம் அது. காரும் பெரிய சம்பளமும் மட்டுமல்ல கனவு என்று அவர் தெளிவாகவே எழுதினார். பிறப்பு எதுவானாலும், ஒருவருடைய திறமை அவரை எதுவரை கொண்டுபோகுமோ அதுவரை போக வழிவிடும் சமூகம் வேண்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம். அந்த அளவுகோலோடுதான் கிளம்பியிருக்கிறேன்.

நியூயார்க்கின் பேட்டரி பார்க்கில் படகு ஏறினால் முதலில் சுதந்திர தேவி சிலை, அடுத்து எல்லிஸ் தீவு. 1892 ஜனவரி 1 அன்று திறந்த இந்தக் குடியேற்ற நிலையம் 1954ல் மூடப்படும்வரை, ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் இதன் வழியாக உள்ளே போயிருக்கிறார்கள். மாடியில் இருக்கிற பதிவு மண்டபத்தில் நின்றால் நம் குரலே நமக்கு எதிரொலிக்கிறது. மூட்டை முடிச்சோடு படியேறி வருகிறவர்களை மேலே நின்று கவனித்த மருத்துவர்கள், சந்தேகப்பட்டவர்களின் கோட்டில் சாக்கட்டியால் ஒரு குறி போடுவார்களாம். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 100க்கு 2 பேர்தான். வந்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கையில் பணமும் இல்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லிஸ் தீவு திறப்பதற்குப் பத்து வருடம் முன்பே, 1882ல், சீனத் தொழிலாளர்களுக்குக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. 1917 சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைசெய்தது. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்ற இந்தியர் வெள்ளையர் அல்ல, அதனால் குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று 1923ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. 1946ல்தான் இந்தியர்களுக்கு வருடத்துக்கு 100 பேர் என்று ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. பெரிய கதவு திறந்தது 1965 அக்டோபர் 3 அன்று. ஜனாதிபதி ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்ட இடம் சுதந்திர தேவி சிலையின் காலடி. படகிலிருந்து அந்த இடத்தைப் பார்த்தபோது உண்மையிலேயே நெகிழ்ந்துபோனேன். நியூஜெர்சியில் என் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்றால் அந்த ஒரு கையெழுத்துதான் காரணம்.

செவ்வாய் இரவு, எடிசன் (நியூஜெர்சி)

சித்தி மகன் வீட்டில் தங்கல். சாப்பிட்டுக்கொண்டே என் பயணத் திட்டத்தைச் சொன்னேன். "இதுக்கு எதுக்குக்கா பிட்ஸ்பர்க்கும் டெட்ராய்ட்டும்? என்னையே பாருங்க. ஒரு பெட்டியோட வந்தேன். இப்ப வீடு இருக்கு, ரெண்டு கார் இருக்கு. உழைச்சா இங்க யாரும் மேல வரலாம்" என்றான்.

அவன் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன், கூடவே இருந்து பார்த்தவள். ஆனால் அவன் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அவன் வரும்போது பெட்டியோடு பொறியியல் பட்டமும் ஆறு வருட அனுபவமும் சேர்ந்தே வந்தன. எச்1பி என்கிற வேலை விசா வருடத்துக்கு 65,000, இங்கே முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. அதற்குக் குலுக்கல். அதாவது, ஒரு பெரிய நாட்டின் படித்த பிள்ளைகளைப் பலமுறை சலித்து, மிஞ்சியவர்களைத்தான் இந்த ஊர் உள்ளே எடுக்கிறது. அப்படி வந்தவர்கள் நன்றாக இருப்பதைக் காட்டி, எல்லோருக்கும் வாய்ப்பு இருக்கிறது என்று சொல்ல முடியாது. அமெரிக்கா தன் மண்ணில் பிறந்த ஏழைக் குழந்தைக்கு என்ன செய்கிறது என்பதைப் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும்.

அப்புறம் அவனுடைய கதையே இன்னும் முடியவில்லை. வேலைவழி கிரீன் கார்டு, அதாவது இங்கேயே நிரந்தரமாக வாழும் அனுமதி, வருடத்துக்குச் சுமார் 1,40,000. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பொது விதி. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பத்தாண்டுகளுக்கு மேல் நீள்வதற்கு இதுவே காரணம். அவன் மகள் மூன்று வயதில் இங்கே வந்தவள், இப்போது பள்ளி இறுதியாண்டு. 21 வயது முடிவதற்குள் அப்பாவுக்கு கிரீன் கார்டு கிடைக்காவிட்டால், அப்பாவைச் சார்ந்து இருக்கும் அவளுடைய விசா போய்விடும். அதன் பிறகு அவள் மாணவர் விசா எடுக்க வேண்டும், இல்லையென்றால் தனக்கு நினைவே இல்லாத ஊருக்குத் திரும்ப வேண்டும். இதைக் கேட்டதும் அவன் பேச்சை மாற்றிவிட்டான். ஆளில்லாத வீடு மாதிரி ஆகிவிட்டது சாப்பாட்டு மேசை. நானும் மேலே கிளறவில்லை.

வியாழன், ரயிலில்

நியூயார்க்கிலிருந்து பிட்ஸ்பர்க்குக்குப் பென்சில்வேனியன் ரயில், ஒன்பது மணி நேரத்துக்கு மேல். லான்காஸ்டர் பக்கம் வயல்களில் குதிரை பூட்டிய ஏர். ஆல்டூனா தாண்டியதும் 'ஹார்ஸ்ஷூ கர்வ்' என்கிற வளைவு. மலையைச் சுற்றி ரயில் திரும்பும்போது நம் ரயிலின் முன்பெட்டிகளை நாமே ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். 1854ல் மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஐரிஷ் கூலிகள் வெட்டிய பாதை.

வழி நெடுக ஒரு ஆய்வைத்தான் மறுபடி படித்துக்கொண்டு வந்தேன். பொருளியலாளர் ராஜ் செட்டி டெல்லியில் பிறந்து ஒன்பது வயதில் அமெரிக்கா வந்தவர், இப்போது ஹார்வர்டில் பேராசிரியர். அவருடைய குழு கேட்டது எளிய கேள்வி: ஒரு பிள்ளை முப்பது வயதில், அதே வயதில் தன் பெற்றோர் சம்பாதித்ததைவிட அதிகம் சம்பாதிக்கிறதா? 1940ல் பிறந்தவர்களில் 100க்கு 90 பேருக்கு 'ஆமாம்'. 1980களில் பிறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். விலைவாசியைக் கழித்துப் பார்த்த கணக்கு இது.

நாட்டின் பொருளாதாரம் மெதுவாக வளர்வதால் இப்படி ஆனதா என்றும் அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வளர்ச்சி வேகத்தை மட்டும் பழைய அளவுக்குக் கொண்டுபோனால் அந்தப் பாதி 62 சதவீதம் வரைதான் ஏறுகிறது. இன்றைய வளர்ச்சியையே அன்றைய மாதிரி பரவலாகப் பங்கிட்டால் 80 சதவீதம் வந்துவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை இந்த மொத்த விவாதத்திலும் முக்கியமான வரி இதுதான். பணம் வளர்வது நிற்கவில்லை, அது போய்ச் சேரும் வீடுகள்தான் குறைந்துவிட்டன.

வெள்ளி, பிராடக், ஹோம்ஸ்டெட்

பிட்ஸ்பர்க் நகரத்திலிருந்து பஸ் பிடித்தால் மொனொங்கஹேலா ஆற்றோரமாகப் பிராடக். 1875ல் ஆண்ட்ரூ கார்னகி தொடங்கிய எட்கர் தாம்சன் உருக்காலை இன்றும் புகைவிட்டுக்கொண்டிருக்கிறது. அதை நடத்தும் யு.எஸ். ஸ்டீல் 2025ல் ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் கைக்குப் போய்விட்டது. ஆலை தாக்குப்பிடித்துவிட்டது, ஊரால் முடியவில்லை. 1920களில் 20,000 பேருக்குமேல் வாழ்ந்த ஊரில் இன்று 2,000 பேர்கூட இல்லை. ஊருக்கு இருந்த மருத்துவமனையும் 2010ல் மூடப்பட்டது. பிரதான வீதியில் காலி மனைகளுக்கு நடுவே பல் விழுந்த வாய் மாதிரி ஒன்றிரண்டு கட்டடங்கள்.

கனவின் நாயகனாக எல்லோரும் சொல்வது கார்னகியைத்தான். 1848ல், பன்னிரண்டு வயதில், ஸ்காட்லாந்திலிருந்து நெசவாளிக் குடும்பத்தோடு வந்தார். பஞ்சாலையில் நூல்கண்டு மாற்றும் வேலை, வாரத்துக்கு 1 டாலர் 20 சென்ட். கடைசியில் உலகத்தின் மிகப்பெரிய பணக்காரர்களில் ஒருவர். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் வேறொருவர். கர்னல் ஆண்டர்சன் என்று ஒருவர் தன் வீட்டில் இருந்த 400 புத்தகங்களை வேலைக்குப் போகும் பையன்களுக்காகத் திறந்துவைத்தார். கார்னகி படித்தது அங்கேதான். அந்த நன்றியில் அவர் பிற்காலத்தில் அமெரிக்காவில் மட்டும் 1,679 நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். நாட்டில் அவர் கட்டிய முதல் நூலகம், 1889ல், இதே பிராடக்கில். ஆலையிலிருந்து அழுக்கோடு வருகிற தொழிலாளிகள் குளிப்பதற்கு அடித்தளத்தில் குளியலறைகள் வைத்திருந்தார்கள். 1970களில் இடிக்கப்பட இருந்த அதை, கடைசி நூலகர் ஒரு டாலருக்கு வாங்கிக் காப்பாற்றினாராம். அவருக்கு இந்த ஊர் ஒரு சிலை வைக்கலாம்.

நூலகம் சரி, படிக்க நேரம்? அந்த ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலை. இதைப் புரிந்துகொள்ள ஆற்றின் அந்தப் பக்கம், ஹோம்ஸ்டெட்டுக்குப் போக வேண்டும். எல்லிஸ் தீவு திறந்த அதே 1892. கூலிக் குறைப்பை ஏற்காத தொழிலாளர்களைக் கார்னகியின் பங்காளி ஃபிரிக் வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டினார். ஜூலை 6 அன்று பிங்கர்ட்டன் கூலிப்படையினர் 300 பேர் படகுகளில் வந்து இறங்க, கரையில் துப்பாக்கிச் சண்டை. இரு பக்கத்திலும் சேர்த்துப் பத்துப் பேர் அளவில் இறந்தார்கள். கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். சங்கம் உடைந்தது. மறுபடி யு.எஸ். ஸ்டீல் ஒரு தொழிற்சங்கத்தை ஏற்று ஒப்பந்தம் போட 1937 வரை, அதாவது 45 வருடம், காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த 1937ஐத்தான் ரயிலில் படித்த 1940ஓடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 100க்கு 90 பேர் ஜெயித்த அந்தத் தலைமுறையின் அப்பாக்கள் கூலியைப் பேரம் பேசச் சங்கம் வைத்திருந்தவர்கள். போரிலிருந்து திரும்பியவர்களுக்குக் கல்லூரிச் செலவும் வீட்டுக்கடனும் தந்த 1944ம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு இருந்தது. அவர்கள் இன்றைய ஆட்களைவிட அதிகம் உழைத்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏணியைச் செய்து சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஹோம்ஸ்டெட் ஆலை 1986ல் மூடப்பட்டது. இப்போது அங்கே கடைவளாகம், சினிமா அரங்கு. வாசலில் பன்னிரண்டு செங்கல் புகைபோக்கிகளை மட்டும் வரிசையாக விட்டு வைத்திருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் சட்டப்படிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். நாடு தழுவிய அளவும் அதுதான், 2009 ஜூலைக்குப் பிறகு ஒரு சென்ட்கூட ஏறவில்லை.

ஞாயிறு, டெட்ராய்ட்

பஸ்ஸில் ஒஹாயோவைத் தாண்டி வந்து சேர்ந்தேன். 1914ல் ஹென்றி ஃபோர்டு ஒரு நாளைக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்த ஊர். 1950ல் 18 லட்சத்துக்குமேல் மக்கள், 2020ல் 6 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் குறைவு. 2013ல் நகராட்சியே திவால். இதெல்லாம் எல்லோரும் எழுதியாயிற்று. 1988ல் மூடிக் கிடந்த பெரிய ரயில் நிலையத்தை ஃபோர்டு நிறுவனம் புதுப்பித்து 2024ல் திறந்திருக்கிறது, அழகாக இருக்கிறது. நான் வந்தது ஒரு சுவரைப் பார்க்க.

எய்ட் மைல் சாலைக்குத் தெற்கே, குடியிருப்புகளின் பின்பக்கமாக அரை மைல் நீளத்துக்கு ஓடுகிறது. ஆறடி உயரம்தான், எம்பினால் அந்தப் பக்கம் தெரியும். 1941ல் ஒரு மனை வியாபாரி வெள்ளையர்களுக்கு வீடு கட்ட நினைத்தார். பக்கத்தில் கறுப்பர்கள் குடியிருப்பு இருந்ததால் அரசாங்கத்தின் வீட்டுக்கடன் உத்தரவாதம் கிடைக்கவில்லை. நடுவில் இந்தச் சுவரை எழுப்பினார், உத்தரவாதம் கிடைத்தது. ஒரு பக்கத்துக் குடும்பங்கள் குறைந்த வட்டியில் வீடு வாங்கி, அது விலையேறி, பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுபக்கத்துக் குடும்பங்களுக்கு அந்தக் கடனே இல்லை. ஏணி இருந்தது என்று வெள்ளிக்கிழமை எழுதினேன் அல்லவா, அதை எல்லாருக்கும் சாத்தவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இப்போது சுவரின் இரண்டு பக்கமும் கறுப்பினக் குடும்பங்கள்தான் வசிக்கின்றன. விளையாட்டுத் திடலை ஒட்டிய பகுதியில் சுவர் முழுக்க வண்ண ஓவியங்கள். பிள்ளைகள் பந்தை அதன்மேல் அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய், சார்லட்

வட கரோலினாவின் சார்லட் பளபளக்கும் நகரம். பேங்க் ஆஃப் அமெரிக்காவின் தலைமையகம், அறுபது மாடி. மக்கள் குவிகிறார்கள், வேலைகள் குவிகின்றன. இப்படி ஒரு ஊரில் ஏழைப் பிள்ளைகளும் சுலபமாக மேலே வருவார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ராஜ் செட்டி குழு 2014ல் நாட்டின் 50 பெரிய நகரப் பகுதிகளை வரிசைப்படுத்தியது. அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களில் பிறந்த பிள்ளை, மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்குக்குப் போகும் வாய்ப்பு எவ்வளவு? சான் ஹோசேயில் 12.9 சதவீதம். சார்லட்டில் 4.4 சதவீதம். 50வது இடம், கடைசி. டெட்ராய்ட்கூட இதைவிட மேலே இருந்தது.

நகரத்தின் நடுவே செகண்ட் வார்டில் நடந்தேன். இங்கே புரூக்ளின் என்றொரு கறுப்பினப் பகுதி இருந்தது. வீடுகள், கடைகள், தேவாலயங்கள், பள்ளி. 1960களில் நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் 1,400க்கு மேற்பட்ட கட்டடங்களை இடித்தார்கள். பதிலுக்கு அங்கே ஒரு வீடுகூடக் கட்டித் தரவில்லை. கிரேஸ் தேவாலயமும் இன்னும் ஒன்றிரண்டும் மட்டும் அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே ஒதுங்கி நிற்கின்றன. அங்கிருந்து துரத்தப்பட்டவர்கள் நகரத்தின் மேற்கிலும் வடக்கிலும் போய்க் குடியேறினார்கள். இன்றும் உள்ளூர்க்காரர்கள் வரைபடத்தை அப்படித்தான் விளக்குகிறார்கள்: தெற்கே ஒரு ஆப்பு வடிவத்தில் வசதியானவர்கள், அதைச் சுற்றிப் பிறை வடிவத்தில் ஏழைகள்.

இந்த ஊர் ஒருகாலத்தில் நாட்டுக்கே வழிகாட்டியது என்பதுதான் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. 1971ல் உச்ச நீதிமன்றம், ஸ்வான் வழக்கில், பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்துப் படிக்கவைக்கலாம் என்று ஒருமனதாகச் சொன்னது சார்லட்டைப் பற்றித்தான். ஆரம்பத்தில் கடும் எதிர்ப்பு. பிறகு ஊர் அதைத் தன் பெருமையாகவே எடுத்துக்கொண்டது. 1974ல் பாஸ்டனில் இதே விஷயத்துக்காகக் கல்லெறி நடந்தபோது, வெஸ்ட் சார்லட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பாஸ்டன் பிள்ளைகளை வரவழைத்து, எப்படிச் சேர்ந்து படிக்கிறோம் பாருங்கள் என்று காட்டினார்கள். பிற்பாடு ஒரு வழக்கில் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. 2002லிருந்து வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி என்ற முறை. வீடுகளே பிரிந்து கிடக்கும் ஊரில் பள்ளிகளும் வேகமாகப் பிரிந்துபோயின.

சேர்ந்து படிப்பது வெறும் நல்லெண்ணம் இல்லை. 2022ல் ராஜ் செட்டி குழு ஃபேஸ்புக்கின் 2,100 கோடி நட்புகளை அலசியது. ஏழைப் பிள்ளைகள் மேலே வருகிற ஊர்களில் தனித்துத் தெரிந்த அம்சம், ஏழைகளுக்கும் வசதியானவர்களுக்கும் நடுவே நட்பு இருப்பது. எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம், எங்கே வேலை காலி என்பதெல்லாம் நட்பு வழியாகத்தானே வருகிறது.

புதன், பீட்டிஸ் ஃபோர்ட் சாலை

இன்று கோல்டு லைன் டிராமில் மேற்கே, ஜான்சன் சி. ஸ்மித் பல்கலைக்கழகம் வரை. அங்கிருந்து நடை. திரும்பும்போது ஒரு வாடகைக் கார். ஓட்டிய பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். காலையில் விமான நிலையத்தில் துப்புரவு, மாலையில் கார். ஆறாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன். அவர் பிறந்தது இதே சாலைக்குப் பின்னால்.

ஊர் கடைசி இடத்தில் இருந்த செய்தி தெரியுமா என்று கேட்டேன். "எங்களுக்கு அதைச் சொல்ல ஒரு பேராசிரியர் தேவையா?" என்றார், கோபம் இல்லாமல். அப்புறம் அவரே சொன்னார்: இடம் மாற வேண்டும், பையன் பெரியவன் ஆவதற்குள் மாற வேண்டும்.

அவர் சொன்னது ஆய்வில் அப்படியே இருக்கிறது. 1990களில் ஐந்து நகரங்களில் சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களை வைத்து அரசு ஒரு பரிசோதனை செய்தது. சிலருக்கு, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக அரசின் வாடகை உதவிச் சீட்டு. பதின்மூன்று வயதுக்குமுன் இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் சுமார் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதற்குப் பிறகு மாறியவர்களுக்குப் பலன் தெரியவில்லை. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான், தெரு மட்டும் வேறு. சோம்பேறித்தனம்தான் ஏழ்மைக்குக் காரணம் என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு முடிவுக்காவது பதில் சொல்லட்டும்.

சார்லட் சும்மா இருக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். கடைசி இடம் என்று தெரிந்ததும் ஒரு குழு அமைத்து, 2017ல் அறிக்கை வெளியிட்டு, மழலையர் கல்வியிலும் குறைந்த வாடகை வீடுகளிலும் பணம் போட ஆரம்பித்தார்கள். 2024 நவம்பரில், எளியவர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடுகளுக்கான 10 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். அதே வருடம் வந்த புதிய ஆய்வில் ஊர் 38வது இடத்துக்கு ஏறியிருக்கிறது. அந்த ஆய்வில் வருகிறவர்கள் 1992 வாக்கில் பிறந்தவர்கள் என்பதால் இந்தப் புது முயற்சிகளின் பலன் அதில் இருக்காது. ஆனாலும் ஒரு ஊரின் தலையெழுத்து மாறும் என்பதற்கு அது போதும். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகப்பெரிய தெம்பு அதுதான்.

காரில் அந்தப் பெண்ணிடம் வீடு பார்த்தாயிற்றா என்று கேட்டேன். தெற்குப் பக்கம் ஒரு குடியிருப்பில் வாடகை குறைந்த வீடுகள் கொஞ்சம் ஒதுக்கியிருக்கிறார்களாம், எட்டு மாதமாகக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது. வரும் சனிக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். பையனுக்குப் பதின்மூன்று முடிய இன்னும் பதினாலு மாதம்.